பேக்கிங் அக்காவும் பஞ்சுவின் முடியும்

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. டாக்டர் கையுறை மாட்டிய இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தியேட்டர் நர்ஸ் கருவித் தட்டைச் சுற்றியிருந்த பச்சைத் துணியின் நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இடுக்கிகளும் கத்தரிகளும் அளவு வாரியாக அடுக்கியபடியே இருந்தன. அவற்றின் குறுக்கே ஒரு வெள்ளை முடி படுத்திருந்தது.

ஒரு தூசு இருந்தாலும் தட்டு முழுவதும் தள்ளுபடி. இன்னொரு தட்டு அடித்தளத்திலிருந்து மேலே வரவேண்டும். லிஃப்டில் யாரோ ஒரு கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றுத் தட்டு வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் நினைவில்லாமல் படுத்துக் கிடக்க, ஆறு பேர் கையைக் கட்டவும் முடியாமல் தொங்கவிடவும் முடியாமல் நின்ற இருபத்திரண்டு நிமிடம் அது.

அடித்தளத்தில் இருந்தது கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவியில் அவித்து மேலே அனுப்பும் பிரிவு. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் கழுவுகிறவர்கள், இந்தப் பக்கம் கட்டுகிறவர்கள். கட்டுகிற பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக நின்றவள் பேக்கிங் அக்கா. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். லிஃப்ட் ஆள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் பேக்கிங் அக்கா. அவள் கட்டிய தட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் சொல்லலாம் என்பார்கள். மடிப்பு அப்படி நிற்கும்.

மதியத்துக்குள் முடி கீழே வந்துவிட்டது. சின்னக் குப்பியில் போட்டு மூடி, தட்டின் எண்ணை எழுதி ஒட்டியிருந்தார்கள். பிரிவின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் கட்டுகிற பக்கத்தின் ஏழு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது யாரோட முடி?"

"நரைச்ச முடி மாதிரி இருக்கு சிஸ்டர்," என்றாள் ஒருத்தி. அந்த அறையில் நரைத்த தலை சிஸ்டருடையது ஒன்றுதான். சொன்னவள் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா குப்பியை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். அடியில் லேசான அலை, நடுவில் கொஞ்சம் தடிமன், நுனி எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாத மெலிவு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேசாமல் திருப்பிக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். துணியிலிருந்து உதிர்ந்த நூல் என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.

"இது எங்க வீட்டு நாயோடது சிஸ்டர். சின்னவன். பஞ்சுன்னு பேரு."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத் தெரியுமா?"

"தினம் ரெண்டு வேளை கூட்டுறேனே. தெரியாமப் போகுமா?"

ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் உடை மாற்றி, தலைமுடியைத் துணித் தொப்பிக்குள் அடைத்துக்கொண்டுதான் எல்லோரும் வேலைக்கு நிற்பார்கள். ஆனால் கட்டும் அறையின் குளிர் எலும்பைத் துளைக்கும். அக்காவுக்கு வலது தோளில் நாள்பட்ட வலி. குளிர் பட்டால் கை மேலே எழும்பாது. அதனால் ஆஸ்பத்திரி உடைக்கு உள்ளே வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வாள். கம்பளிக்கும் நாய் முடிக்கும் ஏதோ விட்ட குறை தொட்ட குறை. அதையும் அவளே சொன்னாள்.

சிஸ்டர் மற்றவர்களைப் போகச் சொன்னார்.

"ஒரு மாசம் கழுவுற பக்கம் நில்லுங்க. அதுக்குள்ள வீட்டைச் சரி பண்ணுங்க. நாயை என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க வீடு. ஆனா இன்னொரு முடி மேல போச்சுன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது."

"சரி சிஸ்டர்."

கழுவுகிற பக்கம் சூடும் ஈரமுமான இடம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பர் அங்கி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, முழங்கை வரை கையுறை. இரத்தம் காய்ந்த இடுக்கிகளின் பல்லிடுக்கில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இங்கே ஒரு முடி விழுந்தாலும் குற்றமில்லை. கழுவிய தண்ணீரோடு போய்விடும். அங்கே போன பிறகும் எல்லோரும் அவளை பேக்கிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். யாரும் குத்திக்காட்டக் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குத்தியது.

அவளுடைய வீடு ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போடச் சின்ன முற்றம். கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறியது. கோல் ஊன்றி நடப்பார். கை தேறவில்லை. பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். அக்கம்பக்கத்தில் அவரை இன்னும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு நாய்களும் அவர் பஸ் டிப்போவிலிருந்து கொண்டுவந்தவை. பெரியவன் மேஸ்திரி, பழுப்பு நிறம். யார் வேலை செய்தாலும் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான். தான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான். அதனால் அந்தப் பெயர். சின்னவன் பஞ்சு, வெள்ளை. வீடு மாற்றிப் போன யாரோ டிப்போ வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேலே நீள முடி, அடியில் இன்னொரு அடுக்குப் பொடி முடி. மேஸ்திரி பருவம் பார்த்துக் கொட்டுவான். பஞ்சு மூச்சு விட்டாலே கொட்டுவான்.

பக்கவாதம் வந்த பிறகு டிரைவர் ஒன்பது மாதம் ஒரு முழு வார்த்தை பேசவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் அட்டைகளைக் காட்டிக் காட்டி அலுத்துப் போனாள். ஒரு நாள் அக்கா சமையலறையில் நின்றபோது கூடத்திலிருந்து "உட்காரு" என்று தெளிவாகக் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் பஞ்சு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது. ஒன்பது மாதம் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட்டவளுக்கு வராத வார்த்தை நாய்க்கு வந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் எரிந்தது. "எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்," என்றாள். அவர் யோசித்து, அவளைப் பார்த்தும் "உட்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

ஆகவே நாயை விடுவது என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. ஆனால் முடி இருந்தது. துடைப்பத்தால் கூட்டினால் எழும்பிப் பறந்து, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வந்து படியும். ஈரத்துணியால் துடைத்தால் திரிதிரியாக உருண்டு மூலையில் ஒட்டிக்கொள்ளும். சோபா மெத்தையில் ஊசி போட்டதுபோல் இறங்கியிருக்கும். வேலையிலிருந்து வந்து, சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, கூட்டி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு "முடியல" என்று உட்காருவாள். டிரைவருக்கு அதில் ஒரு விளையாட்டு உண்டு. "எந்த... முடி?" என்பார். முன்பெல்லாம் அவள் சிரிப்பாள். கழுவுகிற பக்கம் போன வாரத்தில் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் மகள் போனில் கேட்டாள். மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசியதால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"அம்மா, பஞ்சுவை மட்டுமாவது யார்கிட்டயாவது கொடுத்துடலாமே. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். நல்லாப் பார்த்துப்பார்."

"அப்பா என்ன சொல்லுவாரு?"

"அப்பாவுக்கு மேஸ்திரி இருக்கான்ல? நீ வேலையை விட்டுட்டு என்ன செய்வே? உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "பார்க்கலாம்," என்றாள். கூடத்தில் டிரைவரின் நாற்காலி கிறீச்சிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் ஆளில்லை. தரை காலையில் கூட்டினபடியே இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். ஜன்னலையும் அடைத்துவிட்டு, கட்டிலில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாய்களும் நாக்கைத் தொங்கப்போட்டு அவர் காலடியில் கிடந்தன. அறை முழுக்க முடி.

"என்னங்க இது? ஏன் இப்படிப் பூட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"முடி... வெளிய... வராது."

"எவ்வளவு நேரமா?"

அவர் இடது கையால் ஜன்னல் பக்கம் காட்டினார். வெயில் வந்த நேரத்திலிருந்து என்று அர்த்தம். அக்கா ஜன்னலைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, சட்டையை மாற்றிவிட்டாள். மாற்றும்போது திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பஞ்சுவை யாருக்கும் கொடுக்கல. ஒரு நல்ல மெஷின் வாங்குறேன். கதவைச் சாத்தாதீங்க," என்றாள்.

மகளிடம் அதையே சொன்னதும், அவள் தன் செலவிலேயே ஒரு வாக்குவம் கிளீனரைத் தருவித்து அனுப்பிவிட்டாள். கையில் பிடிக்கும் குச்சி மாதிரி, ஒயர் இல்லாத, பார்க்க அழகான பொருள். தோள் வலிக்கு நல்லது, எடையே இல்லை என்றாள். எடை இல்லாதது உண்மை. முதல் நாள் கூடம் பளிச்சென்று ஆனது. சோபாவுக்கு வந்தபோது சார்ஜ் தீர்ந்தது. மூன்றாம் நாள் சுழலும் பிரஷ் நின்றுபோனது. புரட்டிப் பார்த்தால் பஞ்சுவின் முடி கயிறாக முறுக்கிச் சுற்றியிருந்தது. கத்தரியால் வெட்டி, இடுக்கியால் பிடுங்கி எடுக்க முக்கால் மணி நேரம். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். குப்பை சேரும் டப்பாவைத் தட்டும்போதுதான் வயிறு எரிந்தது. உறிஞ்சி எடுத்த பொடி முடியெல்லாம் ஒரு மேகமாகக் கிளம்பி அவள் கையிலும் கழுத்திலும் தலையிலும் வந்து உட்கார்ந்தது. தரையில் கிடந்ததைச் சேகரித்துத் தன் மேல் கொட்டிக்கொள்ள ஒரு இயந்திரம்.

பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். "உனக்கு எதுவுமே ஒத்துவராதும்மா," என்று மகளுக்குக் கோபம். "ரோபோ வாங்கித் தரேன், தானா ஓடும்."

"உங்கப்பா கோல் ஊனி நடக்குற வீட்டுல, கீழே தானா ஒண்ணு ஓடணுமா? அவரு அதுல தடுக்கினா நான் அவரையும் தூக்கணும், அதையும் தூக்கணும்."

அந்த மாதத்தின் மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் போனாள். மிக்ஸி, மின்விசிறி, வாக்குவம் கிளீனர் என்று எல்லாம் பார்ப்பார். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் ஏழெட்டு மெஷின் குடல் வெளியே தெரியக் கிடந்தது.

"ரிப்பேருக்கு ஒண்ணும் கொண்டு வரலீங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். நாய் இருக்கிற வீட்டிலேருந்து உங்ககிட்ட வராத மெஷின் எது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாரும் எது நல்ல மெஷின்னுதான் கேப்பாங்க. எது வர்றதில்லன்னு யாரும் கேட்டதில்ல." ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். "உட்காருங்க. எத்தனை நாய்?"

"ரெண்டு. ஒருத்தன் ரெட்டை முடி."

"அப்ப முதல்ல, டப்பா வேண்டாம். பை வச்சது வாங்குங்க. நிறைஞ்சதும் பையோட எடுத்துத் தூக்கிப் போட்டுடணும். கையில படக்கூடாது. அடுத்தது, காத்து எந்தப் பக்கம் வெளிய வருதுன்னு பாருங்க. தரைப் பக்கம் ஊதினா மெஷின் போறதுக்கு முன்னாடி முடி ஓடிப்போயிடும், நீங்க நாள் முழுக்க துரத்திட்டு இருப்பீங்க. மேல் பக்கமா வரணும்." ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார், அவள் வீட்டில் நடந்ததே இதற்கும் நடந்திருந்தது. "சுத்துற பிரஷ் வேணும்னா, திறந்து வெட்டுற மாதிரி இருக்கணும். திறக்க முடியாததெல்லாம் கடைசியில இங்கதான் வரும்."

"இவ்வளவும் இருக்கிற மெஷின் இருக்கா?"

"இருக்கும். கடையில கீழ் தட்டுல இருக்கும். பார்க்க நல்லா இருக்காது." அவள் எழுந்தபோது சொன்னார்: "இன்னொண்ணு. மெஷின் கீழ விழுந்ததைத்தான் எடுக்கும். நாய் மேல இருக்கிற முடிக்கு மெஷின் கிடையாது. ஒரு இரும்புச் சீப்பு வாங்கிப் போடுங்க. தினம் சீவினா மெஷினுக்குப் பாதி வேலை குறையும், எனக்கும் குறையும்."

வழியிலேயே சீப்பு வாங்கினாள். ஆனால் தினம் யார் சீவுவது? வீட்டுக்குப் போய் மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

விடுமுறை நாளில் பெரிய கடைத்தெருவுக்குப் போனாள். கையில் ஒரு பாலிதீன் பை நிறைய முடி, ஒரு பழைய சோபா உறை. கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்து, தரைவிரிப்பில் காகிதத் துணுக்குகளைத் தூவி மெஷினை ஓட்டிக் காட்டத் தொடங்கினார்.

"எங்க வீட்டுல காகிதம் கொட்டுறதில்லப்பா," என்று அக்கா பையைப் பிரித்தாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "மேடம், இது..."

"நாய் முடிதான். கடிக்காது." சோபா உறையைத் தரையில் விரித்து, முடியைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தேய்த்து உள்ளே இறக்கினாள். "நாய் படுத்துப் புரளணும்ல. இப்ப ஓட்டுங்க."

முதல் மெஷின் முடியை எடுத்தது. புரட்டிப் பார்த்தால் பாதி பிரஷ்ஷில் சுற்றியிருந்தது, திறக்க வழி இல்லை. இரண்டாவது, கடையிலேயே பெரியது, உறையையே விழுங்கப் பார்த்தது. "சூப்பர் பவர் மேடம்," என்றார் விற்பனையாளர். "டப்பாவைக் காலி பண்ணிக் காட்டுங்க," என்றாள். அவர் குப்பைக் கூடையில் தட்டினார். "இப்ப உங்க பேன்ட்டைப் பாருங்க." கறுப்புப் பேன்ட்டில் தொடை வரை பஞ்சு படிந்திருந்தது. அவர் தட்டத் தட்ட அது இன்னும் ஒட்டியது. வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவுக்கு அவரைப் பார்த்துப் பாவமாகப் போய், தன் கைப்பையிலிருந்து ஒட்டும் டேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவர் விற்பதை விட்டுவிட்டுத் தேடத் தொடங்கினார். கீழ்த் தட்டிலிருந்து தூசு படிந்த ஒன்றை இழுத்தார். வயிறு பெருத்த, சக்கரம் வைத்த, நீளக் குழாயோடு கூடிய சாம்பல் நிற மெஷின். "இது பழைய மாடல் மேடம். யாரும் கேக்குறதில்ல."

துணிப் பை உள்ளே இருந்தது. வெளியே இழுத்தால் வாயைத் தானாக மூடிக்கொண்டது. காற்று மேல்பக்கம் வந்தது. சோபாவுக்கான சின்ன பிரஷ்ஷை நாணயத்தால் திருகித் திறக்க முடிந்தது. அக்கா ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். தோள் வேண்டாம் என்றது. தரையில் வைத்து இழுத்தாள், பின்னாலேயே வந்தது. போடச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப்போய்ச் சத்தத்தைக் கேட்டாள். சின்னச் சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடித்தொண்டைச் சத்தம், கீச்சுச் சத்தமில்லை.

"இந்தப் பை தீர்ந்தா கிடைக்குமா?"

விற்பனையாளருக்குத் தெரியவில்லை. மேலாளரைக் கேட்டார், மேலாளர் கிடங்குக்குப் போன் போட்டார். கால் மணி கழித்து, இரண்டு கட்டுப் பையோடு வந்தார். அக்கா அதன் பிறகுதான் சரி என்றாள். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி வீடு வந்து சேர்ந்தபோது, அதைத் திறந்து பார்க்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை. கூடத்து மூலையில் வைத்துவிட்டு அப்படியே படுத்தாள்.

மறுநாள் மெஷினைப் போட்டவுடன் பஞ்சு கட்டிலுக்கு அடியில் போய், பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டது. மேஸ்திரி குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டியது. அக்கா மெஷினை அணைத்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து, இதுவும் இல்லையென்றால் இனி எங்கே போவது என்று இருந்தது.

டிரைவர் கோலை ஊன்றி வந்தார். "நான்... பார்க்கிறேன். நீ... போ."

அவர் செய்ததெல்லாம் பொறுமையான வேலை. மூன்று நாள் மெஷினைப் போடாமல் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன் மேல் பிஸ்கட் வைத்தார். நான்காம் நாள், அக்கா அதைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திப் போட, இவர் கூடத்தில் பஞ்சுவை இரண்டு காலுக்கும் நடுவே பிடித்து, "உட்காரு, உட்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குளியலறைக் கதவு திறந்தது. பிறகு மெஷின் நடைக்கு வந்தது. பத்து நாளில் மேஸ்திரி அதன் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிட்டான். பஞ்சு கடைசிவரை அதை நம்பவில்லை; ஆனால் டிரைவர் காலடியில் இருந்தால் நடுங்காமல் இருந்தது.

இழுப்பறையிலிருந்த சீப்பை அவர் எப்போது எடுத்தார் என்று அக்காவுக்குத் தெரியாது. ஒரு நாள் மாலை வந்தபோது, மேசை மேல் ஒரு காகிதப் பையில் முடி மடித்து வைத்திருந்தது. இடது கையால் சீவியிருக்கிறார். வலது கைக்காரர், நான்கு வருஷமாகச் சாப்பாட்டையே இடது கையால் சிந்திச் சாப்பிடுகிறவர். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பந்து பிடி, கயிறு இழு என்று எவ்வளவோ மன்றாடியும் செய்யாதவர்.

"கை வலிக்கலையா?"

"வலிக்குது," என்றார். மறுநாளும் செய்தார்.

சிஸ்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. கட்டும் பக்கத்தில் அவள் இடத்தில் புதிதாக ஒருத்தி நின்று வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள். நன்றாகவே செய்தாள். சுவரின் சின்னக் கண்ணாடி வழியாக அக்கா அதைப் பார்ப்பாள். நாற்பதாம் நாள் வரை பொறுத்தாள். பிறகு, ரப்பர் அங்கியைக் கழற்றி, கை துடைத்து, சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"வீடு எப்படி இருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"முடி இருக்கு சிஸ்டர். இல்லவே இல்லன்னு சொன்னா பொய். முன்ன வாளி நிறைய வரும். இப்ப ஒரு கை வருது."

"நாய்?"

"ரெண்டும் இருக்கு."

சிஸ்டர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து யோசித்தார். "உள்சட்டை நான் ஆஸ்பத்திரி லாண்டரியிலேருந்து தரச் சொல்றேன். வீட்டுல இருந்து ஒரு நூல் கூட உள்ள வரக்கூடாது, காலுறை உள்பட. கதவுக்கு முன்னாடி விளக்கு இருக்கில்ல, தினம் அதுக்குக் கீழ நின்னு பார்த்துட்டுத்தான் உள்ள போகணும். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் சொல்லப்போறேன்." பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா, நாங்க இன்னும் துணிக் கம்பெனிக்கு லெட்டர் எழுதிட்டு இருந்திருப்போம். திங்கட்கிழமை கட்டுற பக்கம் வாங்க."

அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது என்னவோ தூக்கம்தான். அன்று பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டித் தூங்கிப்போய், இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை விளக்குக்குக் கீழே நின்றபோது வலது புருவத்தில் ஒரு முடி இருந்தது. அங்கே மாட்டியிருந்த கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது. ஒட்டும் டேப்பால் எடுத்து, முகத்தை மறுபடி கழுவி, மறுபடி நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். முதல் தட்டைக் கட்ட வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் ஆயிற்று. மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி கட்டினாள். நாற்பது நாளில் கை கொஞ்சம் மறந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் தியேட்டர் நர்ஸ், முடியைக் கண்டுபிடித்தவளே, கீழே வந்தாள். அக்கா பாதி மடித்த துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நீங்க என்ன மெஷின் வாங்குனீங்க? எங்க வீட்டுல மூணு பூனை," என்றாள்.

அக்கா பை, காற்று, பிரஷ் எல்லாம் சொன்னாள். கடையில் கீழ்த் தட்டைப் பார் என்றாள். "சீவுறதுக்கு வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"இல்லையே அக்கா. நான் ஒருத்திதான்."

"அப்ப கஷ்டம்தான்," என்றாள் அக்கா.

அன்று வீட்டுக்கு வந்தபோது டிரைவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். சீப்பு மடியில் கிடந்தது. பஞ்சு எழுந்து வந்து அவளை முகர்ந்தது. ஒரு பக்கம் முழுவதும் சீவிப் படிந்து, மறுபக்கம் உப்பிப் பரட்டையாக நின்றது. கை அதற்குமேல் ஓடவில்லை போலிருக்கிறது. மெஷினை எடுக்க வேண்டும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பஞ்சு வந்து, சீவாத பக்கத்தை அவள் மேல் சாய்த்துப் படுத்தது.

டிரைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "சட்டை..." என்றார்.

"துவைச்சுக்கலாம்," என்றாள். "நீங்க தூங்குங்க."